பேணியில் இருக்கும் கறுவாவும் போத்தலில் வரும் கறுவாவும்

ரொறன்ரோவிலிருந்து வந்த பொதியில், சொக்கிளேற்றுகளுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவே அந்தப் போத்தல் இருந்தது. கொக்குவிலில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மகள் அனுப்பியது. முன்பக்கத்தில் கறுவாச் சுருள் ஒன்றின் படம். அதன் கீழே 1000 மில்லிகிராம் என்று தடித்த எழுத்து. "சீனி வருத்தத்துக்கு நல்லதாம் அம்மா, இங்கே எல்லாரும் எடுக்கிறார்கள்" என்று மகள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். பெரியம்மாவுக்குப் பதினான்கு வருடமாகச் சலரோகம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று அந்தக் கப்சூல்களை விழுங்கத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்து, காலையில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது எண் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தத் தெம்பில் கிளினிக்கில் கொடுத்த இரவுக் குளிசையைத் தானாகவே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வந்த கிளினிக்கில் எடுத்த பரிசோதனையில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 7.4 இலிருந்து 8.6 ஆக ஏறியிருந்தது.

வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்தபின் நான் கேட்டேன். "அது மருந்து இல்லைத்தானே பிள்ளை, கறுவாதானே. இறைச்சிக் கறிக்குப் போடுகிற சாமான்தானே" என்றார்.

பொய் சொல்லும் மனிதர் அல்லர் அவர். மனதில் பட்டதைச் சொன்னார். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அதே பதிலைத்தான் சொல்வார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பெரியம்மாவின் அடுக்களைப் பேணியில் இருக்கும் கறுவாவும் அந்தப் போத்தலில் இருந்ததும் வேறு வேறு சாமான்கள். மரம் வேறு, அளவு வேறு, எத்தனை நாள் தொடர்ந்து உடம்புக்குள் போகிறது என்பதும் வேறு. பேணியைப் பற்றி எனக்குப் பயமில்லை. போத்தலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே பெயர், வேறு மரங்கள்

நாம் கறுவா என்பதைத் தமிழ்நாட்டில் பட்டை அல்லது இலவங்கப்பட்டை என்பார்கள். சிங்களத்தில் குருந்து. இலங்கைக் கறுவாவின் தாவரவியற் பெயர் சின்னமோமம் வேரம். இலத்தீனில் வேரம் என்றால் உண்மையானது என்று பொருள். முன்பு நமது தீவின் பெயரை வைத்து சின்னமோமம் சிலானிக்கம் என்று அழைத்தார்கள். பல போத்தல்களில் இன்றும் அந்தப் பெயரைக் காணலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் நீண்ட கோடையிலும் இந்த மரம் செழிக்காது. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, இரத்தினபுரி என்று மழை வளமுள்ள பக்கங்களிலிருந்துதான் நம் கடைகளுக்கு வருகிறது.

ஆனாலும் இந்த வாசனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய உறவு உண்டு. 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, யாழ்ப்பாண அரசனான ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெல்லாம் குன்றுபோல் குவிந்து கிடந்ததையும், எதிர்க்கரையிலிருந்து வந்தவர்கள் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, பதிலுக்கு அரசனுக்குத் துணிகளைக் கொடுத்ததையும் அவர் எழுதிவைத்தார். பின்னர் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இந்தத் தீவுக்காகச் சண்டை பிடித்ததற்குக் கறுவா ஒரு பெரிய காரணம். கொழும்பில் கறுவாக்காடு என்ற பெயர் அந்தக் காலத்தின் மிச்சம்.

தெற்கில் கறுவா உரிப்பது இன்றும் கைவேலைதான். மேற்பட்டையைச் சுரண்டி நீக்கி, பித்தளைத் தண்டால் அழுத்தித் தேய்த்து, உட்பட்டையைக் கிழியாமல் உரித்தெடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி உலர்த்துவார்கள். மிக மெல்லிய அல்பா தரத்துச் சுருள் 6 மில்லிமீற்றர் விட்டத்துக்குள் அடங்கிவிடும். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை.

வட அமெரிக்கக் கடைகளில் சினமன் என்ற பெயரில் பெரும்பாலும் விற்பது இந்த மரத்தின் பட்டை அன்று. கசியா எனப்படும் வேறு மரங்களின் பட்டை. சீனக் கசியா, இந்தோனேசியக் கசியா, வியட்நாம் கசியா என்று அதில் மூன்று முக்கிய வகைகள். எல்லாம் கறுவாவின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஒரே பேரினம், வேறு இனம். விலை குறைவு, மணம் காரமானது. முழுப்பட்டையாகக் கையில் கிடைத்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும். இலங்கைக் கறுவா வெளிர் மண்ணிறம். சுருட்டுப் போல் பல மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நசித்தால் பொடிந்துவிடும். கசியா கருஞ்சிவப்பு. ஒரே தடித்த பட்டை இரு கரையிலிருந்தும் உள்நோக்கி வளைந்து நடுவில் வெறுமையாக இருக்கும், அம்மியில் வைத்தாலும் இலேசில் உடையாது. பொடியாக்கிவிட்டால் இந்த அடையாளங்கள் எல்லாம் போய்விடும். பொடியைக் கப்சூலுக்குள் அடைத்துவிட்டால் பெயர்ச்சிட்டையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பெரியம்மாவின் போத்தலைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். மிகச் சிறிய எழுத்தில் சின்னமோமம் கசியா என்று இருந்தது. முன்பக்கத்தில் இருந்த 1000 மில்லிகிராம் என்பது ஒரு கப்சூலின் அளவன்று, இரண்டு கப்சூல்கள் சேர்ந்த ‘ஒருவேளை அளவு’ என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உலகின் உண்மையான கறுவாவில் பெரும்பகுதி விளையும் நாட்டில், பேணி நிறைய அதை வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு, கடல் தாண்டிக் கசியா வந்திருக்கிறது.

கூமரின் கணக்கு

மரம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். வேறுபாடு கூமரின் என்னும் இரசாயனத்தில் இருக்கிறது. இனிய மணமுள்ள பொருள். 1820 இல் தொங்கா என்னும் தென்னமெரிக்க விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு காலத்தில் வனிலாவுக்குப் பதிலாக உணவில் சேர்த்தார்கள். விலங்குகளின் ஈரலை அது பாதிப்பது தெரிந்ததும் 1954 இல் அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகமிகச் சொற்பம். சில மாதிரிகளில் அளந்தறிய முடியாத அளவு. கசியாவில் அது தாராளமாக இருக்கிறது.

எவ்வளவு வரை பாதுகாப்பானது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வகுத்த எல்லை, நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிகிராம் கூமரின். வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கு வராது என்று கருதப்படும் அளவு இது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். 2006 இல் ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் நத்தார்க் காலத்துக் கறுவாப் பிஸ்கட்டுகளைப் பற்றி எச்சரித்தபோதுதான் இந்த விடயம் பொதுவெளிக்கு வந்தது. கசியாவில் கூமரின் அளவு மரத்துக்கு மரம், ஒரே மரத்துக்குள்ளேயே பட்டைக்குப் பட்டை மாறும். சராசரியாகக் கிராமுக்கு 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அறுபது கிலோக்காரருக்கு 2 கிராம் கசியாவிலேயே அன்றைய எல்லை முடிந்துவிடும்.

பெரியம்மாவின் எடை 44 கிலோ. அவரது எல்லை 4.4 மில்லிகிராம். நான்கு கப்சூல் என்பது 2 கிராம் கசியா, கிட்டத்தட்ட 6 மில்லிகிராம் கூமரின். போத்தலில் எழுதியிருந்த அளவை மீறாமலே, நாள் தவறாமல், அவர் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார். அந்த அளவுகள் உடம்பு பருத்த, எடை கூடிய மனிதர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரின் மெலிந்த வயோதிபப் பெண்களை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வீணாகப் பயமுறுத்தவும் விரும்பவில்லை. எல்லையைத் தாண்டிய மறுநாளே ஈரல் கெட்டுவிடாது. ஓரிரு வாரங்களுக்கு மூன்று மடங்கு போனாலும் கவலைப்பட வேண்டியதில்லை என்று அதே ஐரோப்பிய அதிகாரசபை சொல்லியிருக்கிறது. கனடாவில் உறவினர் வீட்டில் நத்தாருக்குக் கறுவா ரொட்டி சாப்பிட்டவர் நிம்மதியாக இருக்கலாம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில், தினமும் எடுப்பதுதான் வேறு கதை. பெரும்பாலானவர்களின் ஈரல் கூமரினைத் தீங்கற்ற பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். சிலருடைய ஈரல் மட்டும் குறைந்த அளவிலேயே தாங்காமல் போகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இலகுவான வழி இல்லை. பாதிப்பு வந்தாலும், நிறுத்தியவுடன் ஈரல் பொதுவாகத் தேறிவிடும் என்பது ஓர் ஆறுதல்.

கொலஸ்ரோலுக்குக் குளிசை எடுப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும். இருதய நோய்க்காக உயர் அளவு ஸ்ரற்றின் குளிசை எடுத்துக்கொண்டிருந்த 73 வயதுப் பெண் ஒருவர், கறுவா மாத்திரைகளையும் ஒரு வாரம் சேர்த்து எடுத்தபின் கடும் ஈரல் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்ததை 2015 இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரேயொரு நோயாளியின் கதையை வைத்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நம் சலரோகக் கிளினிக் கொப்பிகளைத் திறந்து பாருங்கள்: சீனிக்கான மெற்போமினுக்குக் கீழே, ஸ்ரற்றின் வகைக் குளிசையான அற்றோவாஸ்ரற்றின் இல்லாத பக்கம் அரிது.

கூமரின் என்ற பெயரைக் கேட்டதும், இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் என்னும் மருந்தை எடுப்பவர்களுக்குப் பயம் வரும். 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் இறந்தன. அந்த வைக்கோலின் கூமரினைப் பூஞ்சணம் வேறொரு பொருளாக மாற்றியிருந்தது. அதை ஆராய்ந்த வழியில்தான் பின்னாளில் வார்பரின் பிறந்தது. கறுவாப் பட்டையில் உள்ள கூமரின் தன் இயல்பில் இரத்தத்தை ஐதாக்குவதில்லை. இருந்தாலும், இருதய வால்வு மாற்றியவர்கள் வார்பரின் அளவைக் கிளினிக்கில் எவ்வளவு நுணுக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தால், அதற்குள் இன்னொரு செறிவான பொருளைக் கொண்டுவர மனம் வராது.

சரி, சீனியைக் குறைக்குமா?

எல்லாரும் அறிய விரும்புவது இதைத்தான். பதில் ஒரு சொல்லில் இல்லை.

2003 இல் பாகிஸ்தானில் சலரோகமுள்ள 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் என்று கசியாத்தூளை 40 நாள் கொடுத்தார்கள். வெறுவயிற்றுச் சீனி 18 முதல் 29 வீதம் வரை குறைந்தது. அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. இன்று விற்கும் போத்தல்களில் பாதியாவது அந்த ஆய்வின் பிள்ளைகள் என்பேன். பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது படம் கலங்கியது. நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளுக்கு 1.5 கிராம் கொடுத்ததில் மாற்றமே இல்லை. ஜேர்மனியில் நீரில் எடுத்த சாற்றை நான்கு மாதம் கொடுத்ததில் வெறுவயிற்றுச் சீனி ஓரளவு குறைந்தது, எச்.பி.ஏ.1சி அசையவில்லை. பிரித்தானியாவில் 2 கிராம் வீதம் பன்னிரண்டு வாரம் கொடுத்ததில் எச்.பி.ஏ.1சி 8.22 இலிருந்து 7.86 ஆகச் சற்று இறங்கியது.

2012 இல் கொக்ரேன் ஆய்வுக் குழு, 577 பேர் கலந்துகொண்ட பத்து ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு, சலரோகத்துக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவுசெய்தது. மறு வருடம் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, வெறுவயிற்றுச் சீனியில் டெசிலீற்றருக்குச் சராசரி 24 மில்லிகிராம் அளவு குறைவைக் கண்டது; எச்.பி.ஏ.1சி யில் மட்டும் தெளிவான குறைவு இல்லை. பெரியம்மாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். காலையில் குத்திப் பார்க்கும் எண் ஒரு கணத்தின் படம். சாப்பாட்டுக்குப் பிறகு, பிற்பகலில், நள்ளிரவில் சீனி எங்கே நின்றது என்பதை அது சொல்லாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரிப்பது அந்த முழுக் கணக்கு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல்கள் சீனியைக் கட்டுப்படுத்தக் கறுவாவைப் பரிந்துரைப்பதில்லை.

உடம்புக்குள் அது என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஆய்வுகூடத்தில் பல விடைகள் கிடைத்திருக்கின்றன. மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் நொதியைத் தடுப்பது, இன்சுலினின் வேலைக்குக் கைகொடுப்பது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது. கடைசியாகச் சொன்னதை 2007 இல் சுவீடனில் மனிதரிலேயே பார்த்தார்கள். நம் பாற்சோறு போன்ற ஓர் அரிசிப் பாலுணவில் 6 கிராம் கறுவாத்தூள் கலந்து 14 ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தபோது, இரைப்பை மெதுவாகக் காலியானது, உணவுக்குப் பிந்திய சீனியும் குறைவாக ஏறியது. ஆறு கிராம் என்பது இரண்டு தேக்கரண்டிக்கும் மேல். ஒரு சாப்பாட்டுக்கு அவ்வளவையும் யார் தின்பது?

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்று உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கசியாவை வைத்துச் செய்யப்பட்டவை. இலங்கைக் கறுவா ஈரலுக்குப் பாதுகாப்பானது. ஆனால் சீனியைக் குறைக்கும் என்பதற்கு அதன்மேல் உள்ள மனித ஆதாரம் இன்னும் மெலிந்தது. சீனி சற்றுக் கூடியிருந்த பத்துப் பேருக்கு 6 கிராம் இலங்கைக் கறுவா கொடுத்து, 2012 இல் சுவீடனில் பார்த்தபோது, உணவுக்குப் பிந்திய சீனியிலும் இன்சுலினிலும் மாற்றம் தெரியவில்லை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று மாதம் இலங்கைக் கறுவாச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து 2017 இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 500 மில்லிகிராம் வரை கொடுத்தும் பாரதூரமான பக்கவிளைவு இல்லை, கொலஸ்ரோல் கொஞ்சம் இறங்கியது. அது முதற்படி ஆய்வு. நோயாளிகளில் நீண்டகாலம் பார்க்க வேண்டியது மீதி. நம் நாட்டுக் கறுவா என்ற பெருமையில், கசியாவுக்குக் கிடைத்த ஆய்வு முடிவுகளை இதற்குச் சூட்டிவிடக்கூடாது. ‘சிலோன் கறுவா’ என்று எழுதி, பாகிஸ்தான் ஆய்வைச் சான்று காட்டும் விளம்பரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எடை குறையும், ஞாபகசக்தி கூடும், மூட்டுவலி போகும் என்று போத்தலோடு வரும் மற்ற வாக்குறுதிகளுக்கு இந்த அளவு ஆதாரமும் இல்லை.

சித்த மருத்துவத்தில் இலவங்கப்பட்டைக்கு நீண்ட இடம் இருக்கிறது. இருமலுக்கும் சளிக்கும் கொடுக்கும் தாளிசாதி சூரணத்தில் அது ஒரு சரக்கு. அங்கேயும் அது தனியே நிற்பதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் ஆகியவற்றோடு, நிறுத்த எடையில், நாள் குறித்து வரும். ‘இயற்கைதானே, எவ்வளவும் எடுக்கலாம்’ என்பது சித்தர் சொன்ன வார்த்தை அன்று. கைதடியில் சித்த மருத்துவமனை இருக்கிறது. அந்த வழியை நம்புகிறவர்கள் அங்கே படித்த வைத்தியரிடம் நாடி பார்த்துக் கேட்பது, பொதியில் வந்ததை விழுங்குவதைவிட எவ்வளவோ மேல்.

கையில் போத்தல் இருந்தால்

முதலில் பின்பக்கத்தை வாசியுங்கள். சின்னமோமம் வேரம் அல்லது சிலானிக்கம் என்று இருக்கிறதா, கசியா, பர்மானி, லூரேரி என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே சினமன் என்று மட்டும் இருந்தால் கசியா என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூளா சாறா என்பதும் முக்கியம். ‘பத்துக்கு ஒன்று சாறு’ என்றால் பத்துக் கிராம் பட்டையிலிருந்து ஒரு கிராம் சாறு எடுத்தார்கள் என்று பொருள். அதை அடுக்களைத் தேக்கரண்டியோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்க முடியாது. கூமரின் எவ்வளவு என்று பெயர்ச்சிட்டையில் எழுதியிருப்பவர்கள் மிகக் குறைவு. சில போத்தல்களில் குரோமியம் போன்ற வேறு சேர்க்கைகளும் கூடவே வரும்.

அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இத்தகைய துணைமாத்திரைகள் சந்தைக்கு வருமுன் மருந்துகளைப் போல் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. இலங்கையில் மருந்துகளையும், மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கும் பொருட்களையும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பார்க்கிறது. உறவினரின் பயணப்பெட்டியில் வரும் போத்தல் அந்த வாசலால் நுழைவதில்லை.

தூளுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2023 இல் அமெரிக்காவில் கறுவா சேர்த்த அப்பிள் கூழ் உண்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. ஈக்குவடோரில் அரைத்த கறுவாத்தூளில் ஈயம் கலந்திருந்தது. அதைத் தொடர்ந்து 2024 முதல் பல வணிகப் பெயர்களின் கறுவாத்தூள்களைப் பற்றி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்துவந்திருக்கிறது. சுருளாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளும் நம் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

சலரோகத்துக்குக் கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கறுவாச் சாற்றையும் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். வேர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தலைச்சுற்று. யாழ்ப்பாணத்தில் இதை விசேடமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் விரதம் பிடிக்கிற மனிதர்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் ஒருபொழுதோடு இருப்பவர்கள், நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் காலையில் வெறுவயிற்றோடு கோயிலுக்குப் போகிறவர்கள், குளிசையையும் கப்சூலையும் விழுங்கிவிட்டு வெயிலில் நின்றால் என்ன ஆகும்? விரதம் தொடங்க முன்பே கிளினிக்கில் சொல்லி மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும்; கப்சூலை அந்த நாட்களில் தொடவே கூடாது.

ஈரல் நோய் உள்ளவர்கள், அடிக்கடி பரசிற்றமோல் விழுங்குகிறவர்கள், வார்பரின் எடுப்பவர்கள் இந்தச் சாறுகளைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கறியில் போடும் அளவோடு நிற்கட்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, எடுத்துவந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பதினைந்து கிலோப் பிள்ளைக்கு அரைக் கிராம் கசியாவே எல்லை. கறுவா எண்ணெயை நேரே விழுங்கக் கூடாது, அது வாயையும் தொண்டையையும் பொசுக்கும். கறுவாச் சுவையுள்ள சுவிங்கம், பற்பசை ஆகியவற்றால் வாய்ப்புண் வருகிறவர்களும் இருக்கிறார்கள். எடுக்கும்போது கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்த தேத்தண்ணீர் நிறமானால், பசி அற்றுப்போனால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பேணியில் உள்ள கறுவாவுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. ஆட்டிறைச்சிக் கறிக்குப் போடும் இரண்டு துண்டு ஆறு பேருக்குப் பங்காகிறது. அதிலும் பெரும்பகுதி சட்டியிலேயே கிடக்கும். இறைச்சிச் சரக்குத்தூளில் ஏலத்தோடும் கராம்போடும் சேர்ந்து வருவதும் ஒரு சிட்டிகைதான். இலங்கைக் கறுவாவைத் தினம் அரைத் தேக்கரண்டி உணவில் சேர்த்துக்கொள்வதில் பெரும்பாலானவர்களுக்குக் கவலைப்பட எதுவும் இல்லை. என் சொந்த அனுபவத்தில் அதன் பெரிய பயன் மணம்தான். வெறுந்தேத்தண்ணீரில் ஒரு துண்டுக் கறுவாவைப் போட்டுக் கொதிக்க வைத்தால், நாக்கு ஏமாறி இனிப்பு இருப்பதாக நினைக்கும். சீனி போடாமலே குடிக்க முடிகிறது. அதையே கையில் பனங்கட்டி வைத்துக் கடித்துக்கொண்டு குடித்தால் பயன் இல்லை. பனங்கட்டி சலரோகத்துக்குக் கெடுதல் செய்யாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதுவும் சீனிதான்.

அடுத்த கிளினிக்குக்குப் பெரியம்மாவோடு நானும் போனேன். போத்தலைப் பையில் எடுத்துப் போனோம். டொக்டர் கோபிக்கவில்லை. பின்பக்கத்தை வாசித்தார், கொப்பியில் பெயரை எழுதினார், நிறுத்தச் சொன்னார், ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு நல்லபடியாகவே வந்தது. இரவுக் குளிசை மறுபடி தொடங்கியது.

மகளுக்கு நானே தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். தாய்க்கு நல்லது செய்ய நினைத்தவள்; கேட்டதும் குரல் தழுதழுத்தது. இங்கே பெரியம்மா சீனி பார்க்கும் ஸ்ரிப்புக்குக் கொடுக்கும் காசைச் சொல்லி, அனுப்புவதானால் அதை அனுப்பு என்றேன். ஓமென்றாள். போன மாதப் பொதியில் சொக்கிளேற்றுகளுக்கு நடுவே இரண்டு பெட்டி ஸ்ரிப் இருந்தது. இப்போது பெரியம்மா காலையில் ஒருமுறையும், மதியச் சோற்றுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருமுறையும் குத்திப் பார்த்து, இரண்டு எண்களையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவருகிறார்.